அன்றைய ஆட்டக்காரரும் இன்றைய ஆட்டக்காரரும்: ஒப்பீட்டின் அறம் குறித்துச் சில சிந்தனைகள்

மாலை நான்கு மணிக்குப் பின்னர் வன்னிப் பெருநிலப்பரப்பின் எந்தக் கிராமத்து மைதானத்தை அணுகினாலும் அங்கே இரண்டு ஆட்டங்கள் நடைபெறுவதைக் காணலாம். ஒன்று, மைதானத்தினுள்ளே இளைஞர் ஆடும் உதைபந்தாட்டம். மற்றையது, மைதானத்தின் ஓரத்தில், பாலைமர நிழலில், சாய்த்து நிறுத்திய துவிச்சக்கரவண்டிகளின் அருகே நின்று முதியோர் ஆடும் சொல்லாட்டம். முதலாவது ஆட்டத்துக்கு மத்தியஸ்தர் உண்டு. நேர எல்லை உண்டு. முடிவு முன்கூட்டியே தெரியாது. இரண்டாவது ஆட்டத்துக்கு மத்தியஸ்தரும் இல்லை, நேர எல்லையும் இல்லை. ஆனால் அதன் முடிவு மட்டும் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். அன்றைய ஆட்டக்காரர் வெல்வர்; இன்றைய ஆட்டக்காரர் தோற்பர்.

“அந்தக் காலத்துப் பெடியளுக்கு முன்னால இவங்கள் எம்மாத்திரம்?” என்னும் அவ்வினா விடையை எதிர்பார்த்துக் கேட்கப்படுவதன்று. அது ஒரு தீர்ப்பு. அத்தீர்ப்பைக் கேட்டு இளைஞர் சிலர் சிரிப்பர், சிலர் சினப்பர், பெரும்பாலோர் கேளாதவர் போலப் பந்தின் பின்னே ஓடுவர். இதனை மைதானத்தோரத்துப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாம். ஆயினும் சிறிது ஊன்றி நோக்குவோமாயின் இவ்வெளிய பேச்சினுள்ளே அறிவாராய்ச்சி சார்ந்த வினா ஒன்றும் அறம் சார்ந்த வினா ஒன்றும் பின்னிக் கிடத்தல் புலனாகும். வெவ்வேறு காலத்தில் வாழ்ந்த இருவரை ஒரே தராசில் நிறுத்தல் இயலுமா என்பது முதலாவது வினா. இயலுமாயினும் இயலாவிடினும், அவ்வாறு நிறுத்துகையில் நாம் யாருக்கு என்ன கடமைப்பட்டுள்ளோம் என்பது இரண்டாவது வினா. இவ்விரண்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒப்பீடு என்பது பொது அளவுகோல் ஒன்றை வேண்டி நிற்பது. நெல்லை நெல்லோடு ஒப்பிட மரைக்கால் போதும். நெல்லைப் பாலோடு ஒப்பிட அது போதாது. விளையாட்டில் அளவுகோல் தெளிவாக உள்ளது என்று நாம் எளிதில் நம்பிவிடுகின்றோம். ஓட்டங்களை எண்ணலாம், உயரத்தை அளக்கலாம், கோல்களைக் கணக்கிடலாம் என்பது அந்நம்பிக்கைக்கு ஆதாரம். ஆனால் அளவுகோலே குறைபட்ட சந்தர்ப்பங்களும் உண்டு. 1948ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் டொன் பிரட்மனின் தலைமையில் இங்கிலாந்துக்குக் கப்பலிற் சென்றுகொண்டிருந்த அவுஸ்திரேலியக் கிரிக்கெற் அணி, வழியில் கொழும்பு ஓவல் மைதானத்தில் இலங்கை அணியுடன் ஒருநாட் போட்டியொன்றில் ஆடியது. இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் மகாதேவா சதாசிவம். ஆட்டத்தினிடையே ஐயம் எழுந்து ஆடுகளத்தை அளந்து பார்த்தபோது, 22 யார் இருக்கவேண்டிய அதன் நீளம் 20 யார் மட்டுமே இருந்தமை தெரியவந்தது. உலகின் தலைசிறந்த துடுப்பாட்டக்காரர் நின்று ஆடிய களமே இரண்டு யார் குறைந்திருந்தது! அன்றைய ஓட்டங்களை எண்களாக மட்டும் வாசிப்பவன் இக்குறைவை அறியான். எண் மாறாது நிற்கும். அந்த எண் பிறந்த நிலம் எத்தகையது என்பதை எண் சொல்லாது.

அச்சதாசிவத்தின் வாழ்வே நம் வினாவுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். அவர் 1947இல் சென்னைச் சேப்பாக்கம் மைதானத்தில் தென்னிந்திய அணிக்கெதிராக 215 ஓட்டங்களைப் பெற்றவர். பின்னாளில் சிங்கப்பூர், மலாயா அணிகளுக்கும் தலைமை தாங்கியவர். எனினும் அவர் பெயருக்கு எதிரே ஒரு ரெஸ்ற் ஓட்டந்தானும் பதிவாகவில்லை. இலங்கைக்கு ரெஸ்ற் தகுதி கிடைத்தது 1981இல். முதலாவது ரெஸ்ற் போட்டி நடைபெற்றது 1982இல். அவரோ 1977இலேயே மறைந்துவிட்டார். மறுபுறத்தில், முத்தையா முரளிதரன் 133 ரெஸ்ற் போட்டிகளில் ஆடி 800 விக்கெற்றுகளை வீழ்த்தி 2010இல் ஓய்வுபெற்றார். ஏட்டுக் கணக்கின்படி ஒருவர் மலை, மற்றவர் சூனியம். ஆனால் இவ்வேட்டுக் கணக்கை நீதியான தீர்ப்பு என்று எவராவது கொள்வரா? ஒருவர்க்குத் திறக்கப்பட்ட வாயில் மற்றவர்க்குத் திறக்கப்படவே இல்லை.

உயரம் பாய்தல் இதனை இன்னும் துலக்கமாகக் காட்டும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவராக விளங்கிய நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் ரோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து இலங்கைக்கு ஆசிய விழாவின் முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டித் தந்தார். 1993இல் கியூபா நாட்டு ஹவியர் சொத்தோமயோர் பாய்ந்த உயரம் 2.45 மீற்றர். வேறுபாடு 42 சதமமீற்றர். இதனைக் கொண்டு ஒருவரை மற்றவரின் கீழே வைத்தல் எளிது. ஆனால் எதிர்வீரசிங்கத்தின் தலைமுறையினர் பாய்ந்து வழக்கமாக விழுந்தது மணலிலும் மரத்தூளிலும். முதுகு கீழ்நோக்க, தலை முதலாகத் தாண்டும் முறையை டிக் பொஸ்பரி 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் 2.24 மீற்றர் பாய்ந்து உலகறியச் செய்தார். தடித்த மெத்தை இல்லாத இடத்தில் அம்முறையிற் பாய முற்படுபவன் கழுத்தை முறித்துக்கொள்வான். ஆகவே முந்திய தலைமுறையினர் அவ்வாறு பாயாமை அவர்தம் குறையன்று. விழுவதற்கு இடமில்லாமையின் விளைவு. பாய்பவன் தாண்டிய உயரத்தை நாம் அளக்கின்றோம். விழுந்த இடத்தை அளப்பதில்லை.

உதைபந்தாட்டமும் இத்தகையதே. பெயர் ஒன்றாயினும் விதி ஒன்றாக இருந்ததில்லை. 1925இல் ‘ஓவ்சைட்’ விதி தளர்த்தப்பட்டதும் முன்கள வீரரின் தொழிலே மாறியது. 1970ஆம் ஆண்டு உலகக்கிண்ணத்திலேதான் மஞ்சள், சிவப்பு அட்டைகளும் மாற்று ஆட்டக்காரரை இறக்கும் வழக்கமும் உலகக்கிண்ண அரங்கிற்கு வந்தன. தன் அணி வீரன் வேண்டுமென்றே காலால் திருப்பி அனுப்பும் பந்தைக் கோல் காப்பாளர் கையால் தொடலாகாது என்னும் விதி 1992இல் வந்தது. அவ்விதிக்கு முன்னர் ஆடிய கோல் காப்பாளருக்குக் கைகள் போதும். பின்னர் ஆடுபவருக்குக் கால்களும் வேண்டும். மழையில் நனைந்து ஈயக்குண்டாய்க் கனத்த தோற்பந்தைத் தலையால் அடித்தவனையும், நீர் உறிஞ்சாத இன்றைய பந்தை வளைத்து அடிப்பவனையும் எந்த மரைக்காலால் அளப்பது?

இங்கே ஒருவர் குறுக்கிட்டு, அவ்வாறாயின் காலங்கடந்த ஒப்பீடு அனைத்தும் பொருளற்றது என்று கூறிவிடலாமே எனக் கேட்கலாம். அது அவசர முடிவு என்பது இக்கட்டுரையாளனின் கருத்து. ஏனெனில் “யார் சிறந்தவர்?” என்பது உண்மையில் ஒரு வினாவன்று, மூன்று வினாக்கள் ஒரே சொற்றொடரை உடுத்து நிற்கின்றன. யார் அதிகம் சாதித்தார் என்பது ஒன்று. யாரிடம் அதிக ஆற்றல் இருந்தது என்பது இன்னொன்று. யார் அதிகப் பாராட்டுக்கு உரியவர் என்பது மூன்றாவது. முதலாவதற்கு ஏடுகள் விடை தரும். இரண்டாவது, நடவாத ஒன்றைக் கற்பனை செய்யுமாறு கேட்கின்றது: அவன் இன்று பிறந்திருந்தால் எவ்வாறு ஆடியிருப்பான்? இவன் அன்று பிறந்திருந்தால்? இதற்கு ஊகமன்றி உறுதியான விடை இல்லை. மூன்றாவது வினா அறத்தின்பாற்பட்டது. கிடைத்த வாய்ப்புக்கும் அடைந்த பேற்றுக்கும் இடையிலான உறவை நோக்கியே அதற்கு விடை காணவேண்டும். மைதானத்தோரத்து வழக்குகள் முடிவின்றி நீள்வதற்குக் காரணம், ஒருவர் முதலாம் வினாவுக்கு விடை கூறிக்கொண்டிருக்க, மற்றவர் மூன்றாம் வினாவைக் கேட்டுக்கொண்டிருப்பதேயாம்.

மூன்றாம் வினாவிலும் ஒரு வழுக்கல் உண்டு. “நாங்கள் வெறுங்காலோட விளையாடினனாங்கள்” என்று முதியவர் கூறுகையில், வறுமையே ஒரு தகுதிபோலத் தோற்றம் பெறுகின்றது. வெறுங்கால் ஆட்டத்தைக் கடினமாக்கும். அது தானாகவே ஆட்டத்தைச் சிறப்பாக்கிவிடாது. சப்பாத்து அணிந்தவனின் உழைப்பு சப்பாத்தினால் குறைந்துவிடுவதுமில்லை. துன்பம், சாதனையை நாம் எவ்வாறு வாசிக்கவேண்டும் என்பதற்கான குறிப்பு. அதுவே சாதனை ஆகிவிடாது.

இனி, முதியோரின் தீர்ப்பு ஏன் எப்போதும் ஒரு பக்கமே சாய்கின்றது என்பதை நோக்குவோம். இது வன்னிக்கு மட்டும் உரிய வழக்கமன்று. ஹோமரின் இலியட்டில், அகமெம்னனும் அக்கிலிசும் பிணங்கி நிற்கையில் நெஸ்தர் என்னும் முதியவர் எழுந்து, தாம் முன்னர்ப் பழகிய வீரர் இவர்களினும் மேம்பட்டோர் என்று கூறிப் பின்னரே அறிவுரையைத் தொடங்குகின்றார். நாம் இன்று மாவீரர் எனப் போற்றும் அக்கிலிசே ஒரு முதியவரின் கண்ணுக்குப் ‘பழையவர்போல் வருமா’ என்னும் வகையைச் சேர்ந்தவன்! எக்காலத்தும் நெஸ்தர்கள் இருந்துள்ளனர் என்பதே அவர்தம் கூற்றை முழுமையாக நம்பலாகாது என்பதற்குச் சான்று. தலைமுறைதோறும் ஆட்டம் தாழ்ந்துகொண்டே வந்திருப்பின் இன்று பந்தை உதைக்க ஒருவருக்கும் தெரிந்திராது.

இதற்குக் காரணம் நினைவின் இயல்பு. நினைவு நெல்லைத் தூற்றுவது போன்றது. பதர் பறந்துவிடும், மணி நிற்கும். பழைய ஆட்டக்காரனின் நூறு தவறுகள் மறைந்து, ஒரு மாலைப்பொழுதில் அவன் அடித்த ஒரேயொரு கோல் மட்டும் நிற்கின்றது. இன்றைய இளைஞனோ தூற்றப்படாத நெல். அவனுடைய பதரும் மணியும் ஒருங்கே நம் கண்முன் உள்ளன. அவனது சாதாரண நாளை இவனது தலைசிறந்த நாளோடு ஒப்பிட்டுத் தீர்ப்பளிக்கின்றோம். அன்றியும், முதியவர் புகழ்வது அந்த ஆட்டக்காரனை மட்டுமன்று. அவனைப் பார்த்துக்கொண்டு நின்ற தமது இருபது வயதையுந்தான்.

ஆனால் இளைஞர் பக்கத்திலும் ஒரு மயக்கம் உண்டு. காலம் செல்லச் செல்ல யாவும் வளரும் என்பது அவர்தம் எண்ணம். மேலே கூறிய சொத்தோமயோரின் 2.45 மீற்றர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் தாண்டப்படவில்லை என்னும் ஒரு செய்தியே இவ்வெண்ணத்தை அசைக்கப் போதுமானது. முன்னேற்றம் ஆண்டுக்கணக்கோடு தானாக வருவதன்று. பதினான்காம் நூற்றாண்டினரான உமாபதி சிவாசாரியர் சிவப்பிரகாசத்தின் அவையடக்கத்தில், ஒரு நூலின் தகுதியை அதன் பழமையும் தீர்மானியாது, புதுமையும் தீர்மானியாது என்னும் கருத்தை நிறுவிச் செல்கின்றார். நூலுக்கு உரைத்த இந்நெறி ஆட்டக்காரனுக்கும் பொருந்தும். வயதைப் பார்த்துத் தீர்ப்புக் கூறுதல், அது எப்பக்கத்திலிருந்து வந்தாலும், பாராமல் தீர்ப்புக் கூறுதலேயாகும்.

‘அந்தக் காலம்’ என்னும் சொல்லையும் ஒரு கணம் நிறுத்தி விசாரித்தல் தகும். அது யாருடைய காலம்? மைதானத்தோரத்துப் பட்டியலில் பெண்களின் பெயர் அரிதாகவே வரும். அவர்களுள் ஆற்றல் இல்லாமையால் அன்று, களம் திறவாமையால். முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி என்னும் அன்னையார் 2023ஆம் ஆண்டு, தமது 72ஆவது வயதில், பிலிப்பைன்ஸ் நாட்டில் நடைபெற்ற மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் ஓடித் தங்கப் பதக்கங்களோடு முல்லைத்தீவுக்குத் திரும்பினார். அவரை அன்றைய வீராங்கனை என்பதா, இன்றைய வீராங்கனை என்பதா? காலத்தை இரண்டாக வெட்டி ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்தும் நம் வழக்கத்தினால் விடை கூற முடியாத வினா இது.

இதுவரை கூறியவை எந்நாட்டுக்கும் பொருந்துவன. வன்னியின் நிலையில் இவ்வினா வேறொரு கனத்தைப் பெறுகின்றது. கட்டுரையின் மையமும் அதுவே.

ஏனைய இடங்களில் முதியவரின் நினைவை ஏட்டோடு ஒப்பிட்டுத் திருத்தலாம். பாடசாலைச் சஞ்சிகை இருக்கும். கழகத்தின் அறிக்கைப் புத்தகம் இருக்கும். கண்ணாடிப் பேழையில் கிண்ணங்களும் சுவரில் அணியினரின் நிழற்படங்களும் இருக்கும். இங்கே நிலை அதுவன்று. முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். குளங்களை நம்பிக் குடியேறிய மக்கள் ஊர்களையும் பாடசாலைகளையும் கழகங்களையும் கட்டியெழுப்பிய சில பதிற்றாண்டுகளுக்குள்ளேயே இடப்பெயர்வுகள் தொடங்கிவிட்டன. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி முல்லைத்தீவுக் கரையை வாரிச் சென்றது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் ஊர் ஊராகப் பெயர்ந்து, 2009 மேயில் யுத்தம் முடிந்தபோது மக்கள் செட்டிகுளத்து முகாம்களிலே இருந்தனர்; அம்முகாம்களின் இறுதிப் பகுதி மூடப்பட்டது 2012இலேதான். இவ்வாறு பெயர்கையில் மனிதர் எதனைத் தூக்கிச் செல்வர்? குழந்தையை, அரிசியை, அடையாள அட்டையைத் தூக்கிச் செல்வர். கழகத்தின் கிண்ணத்தையும் அறிக்கைப் புத்தகத்தையும் தூக்கிச் செல்வார் யார்?

ஆகவே ஏனைய இடங்களிற் பலவீனமாகக் கருதப்படும் முதியவரின் நினைவு, இங்கே எஞ்சியிருக்கும் ஒரே ஆவணம் ஆகின்றது. “எம்மாத்திரம்” என்னும் அவரது வீம்புப் பேச்சு வெறும் வீம்பன்று, அது சாட்சியமுமாகும். சாட்சியமாயின் அதற்குரிய கடமைகளும் உண்டு. வழக்காடுபவன் மிகைப்படுத்தலாம், சாட்சி மிகைப்படுத்தலாகாது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. அதனைக் கூறுதல் எளிதன்று. ஏனைய இடங்களில் பழைய ஆட்டக்காரர் முதுமையடைவர். வயிறு பருத்து, முழங்கால் நொந்து, அதே மைதானத்தின் ஓரத்தில் நின்று, பந்து தம் பக்கம் உருண்டு வருகையில் உதைக்க முயன்று தவறி, பிள்ளைகளின் சிரிப்புக்கு ஆளாவர். அச்சிரிப்பு ஒருவகை நீதி. அது பழைய வீரனை மனிதனாக நம்மிடையே மீண்டும் கொண்டுவந்து சேர்க்கின்றது. வன்னியிலே அன்றைய ஆட்டக்காரர் பலர்க்கு அவ்வாறு மூப்படையும் வாய்ப்புக் கிட்டவில்லை. அவர்கள் தம் பதினெட்டாவது, இருபதாவது வயதிலேயே நின்றுவிட்டனர். இனி அவர்கள் தவறு செய்யமாட்டார்கள்; இனி அவர்களுடைய கால் தளராது. இன்று களத்தில் நிற்கும் இளைஞன், ஒருபோதும் முதுமையடையாத ஒருவனோடு போட்டியிட வைக்கப்படுகின்றான். அப்போட்டியில் அவன் வெல்லவும் முடியாது. வெல்ல விரும்புவதும் அவனுக்குக் குற்றமாகத் தோன்றும்.

இவ்விடத்தில் ஒப்பீடு இருவருக்கும் அநீதி இழைக்கின்றது. உயிரோடிருப்பவனுக்கு இழைக்கப்படும் அநீதி வெளிப்படையானது. அவனுடைய உழைப்பு காணப்படுமுன்னரே தோற்கடிக்கப்படுகின்றது. மறைந்தவனுக்கு இழைக்கப்படும் அநீதி மறைவானது. அவன் வெறும் அளவுகோலாக மாற்றப்படுகின்றான். அளவுகோலுக்கு முகமில்லை, கூச்சமில்லை, அதற்குப் பசிப்பதுமில்லை. புகழ்ச்சியினால் ஒருவனை மறக்கவும் முடியும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்வுண்மையை இக்கட்டுரையாளன் நூல்களிலன்றி ஒரு மைதானத்தின் ஓரத்திலேயே கற்றுக்கொண்டான். சில ஆண்டுகளுக்கு முன் கிளிநொச்சிப் பகுதியில் ஒரு மாலைப்பொழுது. ஆட்டம் முடிந்து பதினேழு வயதளவில் ஒரு முன்கள வீரன் வியர்வையோடு வந்து மரத்தடியில் அமர்ந்தான். அருகே நின்ற முதியவர் ஒருவர் வழக்கம்போலத் தொடங்கினார். முன்னொரு காலத்தில் இதே நிலையில் ஆடிய ஒருவனின் பெயரைச் சொல்லி, “தம்பி, நீ அவன்ர விளையாட்டைப் பாக்கேல்ல. பாத்திருந்தால் நீ பந்தைத் தொடமாட்டாய்” என்றார். சிறுவன் சினப்பான் என்றே எண்ணினேன். அவனோ தண்ணீரைக் குடித்துவிட்டு, “ஐயா, அவர் எந்தக் காலால அடிக்கிறவர்?” என்று கேட்டான்.

முதியவர் திகைத்துப்போனார். பல ஆண்டுகளாக அப்பெயரைச் சொல்லி வந்த அவரிடம் ஒருவரும் அவ்வாறு கேட்டதில்லைப் போலும். சிறிது நேரம் மைதானத்தையே நோக்கி நின்றுவிட்டு, தாழ்ந்த குரலில், “இடக்கால்” என்றார். பின்னர் அவர் நிறுத்தவில்லை. “அவனுக்குச் சொந்தச் சப்பாத்து இருக்கேல்ல. தமையன்ர சப்பாத்து. ஒரு அளவு பெரிசு. முன்னுக்குச் சீலைத்துணி அடைஞ்சுதான் போடுவான். பெனால்ரி அடிக்கச் சொன்னால் மாட்டன் எண்டிடுவான், பயம். வெண்ட அண்டைக்கும் வீட்டுக்குப் பிந்திப் போனதுக்குத் தாயிட்டை ஏச்சு வாங்கினவன்.” சிறுவன் சிரித்தான். முதியவரும் சிரித்தார், பின்னர் முகத்தைத் துவாயினால் துடைத்துக்கொண்டார்.

அங்கே நடந்தது என்ன? ஒப்பீடு நின்று, வரலாறு தொடங்கியது. அதுவரை ஓர் அளவுகோலாக இருந்தவன் மீண்டும் ஒரு பிள்ளையானான். பெரிய சப்பாத்தும், தண்டனை உதைக்கு அஞ்சும் நெஞ்சும், தாயின் ஏச்சும் அவனுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டன. அவனுடைய புகழ் குறைந்ததா? குறையவில்லை. அவன் நம்பத்தக்கவன் ஆனான். சிறுவனுக்கோ வெல்லமுடியாத பகைவன் ஒருவன் மறைந்து, தன்னைப்போலவே இடர்ப்பட்டுப் பந்தாடிய மூத்த தோழன் ஒருவன் கிடைத்தான். எவர் சிறந்தவர் என்னும் வினாவுக்கு அன்று விடை கிடைக்கவில்லை, அது தேவைப்படவுமில்லை.

இதற்கு இரண்டு தடைகள் எழுப்பப்படலாம். முதலாவது, தரம் பிரித்தலையே கைவிட்டால் சிறப்பு என்பதற்கே இடமிராது என்பது. அணியைத் தெரிபவர் பதினொருவரை மட்டுமே தெரிய முடியும். ஆசிரியர் புள்ளியிட்டே ஆகவேண்டும். இது உண்மை. ஆனால் அத்தெரிவுகள் ஒரே காலத்தில், ஒரே களத்தில், ஒரே விதியின்கீழ் நிற்போரிடையே நிகழ்வன. அங்கே ஒப்பீடு தேவையானது, நீதியானதுங்கூட. காலத்தைக் கடக்கும்போது அத்தேவை இல்லை. சதாசிவத்தையும் முரளிதரனையும் ஒரே அணிக்குத் தெரியவேண்டிய பொறுப்பு எவருக்கும் இல்லை. தேவையற்ற இடத்தில் வழங்கப்படும் தீர்ப்பு யாரேனும் ஒருவரைத் தேவையின்றிப் புண்படுத்துவதிலேயே முடியும்.

இரண்டாவது தடை இன்னும் வலியது. பழையவர் புதியவர்க்கு எவ்விதத்திலும் அளவாகமாட்டார் எனின், இறந்தகாலத்திலிருந்து நாம் கற்பதற்கு என்ன உண்டு? இதற்கு விடை, அளவுகோலுக்கும் முன்மாதிரிக்கும் உள்ள வேறுபாட்டில் அடங்கியுள்ளது. அளவுகோல் “நீ இத்துணை குறைந்தாய்” என்று மட்டும் கூறும். முன்மாதிரி “இவ்வாறும் ஒருவன் செய்தான்” என்று கூறும். அளவுகோலின்முன் நிற்பவன் குறுகுகின்றான்; முன்மாதிரியின்முன் நிற்பவன் கற்கின்றான். எதிர்வீரசிங்கத்தின் 2.03 மீற்றர் இன்றைய வீரனுக்கு அளவுகோலாகப் பயன்படாது. மணலில் விழுந்தும் மீண்டும் ஓடிவந்து பாய்ந்த அத்தலைமுறையின் பயிற்சியொழுங்கு அவனுக்கு முன்மாதிரியாகப் பயன்படும். இறந்தகாலத்தை அளவுகோலாக்காமல் முன்மாதிரியாக்குவதே நாம் இரு தலைமுறைக்கும் செய்யும் நீதி.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, சொல்பவர்க்கும் கேட்பவர்க்கும் சில கடமைகள் உள என்பது பெறப்படும். சொல்பவர், தாம் எந்த வினாவுக்கு விடை கூறுகின்றார் என்பதைத் தாமே அறிந்திருத்தல் வேண்டும். தாம் போற்றுபவனின் குறைகளையும் சேர்த்துச் சொல்லும் நேர்மை வேண்டும். இன்றைய ஆட்டத்தை, வேறெங்கோ நோக்கும் கண்ணாலன்றி, அதன் பொருட்டே பார்க்கும் பொறுமை வேண்டும். கேட்பவர், முதியவரின் வீம்பினுள்ளே ஓர் இழப்பு ஒளிந்திருக்கலாம் என்பதை உணர்தல் வேண்டும். சிரித்து ஒதுக்கவும் சினந்து எதிர்க்கவும் முன்னர் ஒரு வினாவையேனும் கேட்டல் வேண்டும். எந்தக் காலால் அடிப்பவர் என்று கேட்ட அச்சிறுவன், பல்கலைக்கழகத்தில் நாம் ஆய்வுமுறை என்று கற்பதை ஒரு வாக்கியத்தில் செய்து முடித்தான்.

இன்று கிளிநொச்சி அறிவியல்நகரிலே பல்கலைக்கழக பீடங்கள் இயங்குகின்றன. வவுனியாவில் 2021இல் தனிப் பல்கலைக்கழகமே தோன்றியுள்ளது. இவ்விடங்களிற் பயிலும் மாணவர் நாள்தோறும் அம்மைதானங்களைக் கடந்தே செல்கின்றனர். மரத்தடியில் நிற்கும் அம்முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்களோடு வழக்காடி வெல்வதற்கு நமக்கு இன்னும் பல ஆண்டுகள் இருக்கலாம். அவர்களிடம் கேட்டு எழுதுவதற்கு அத்துணைக் காலம் இல்லை. ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் போதும். யார், எந்த ஊர், எந்த ஆண்டு, எந்த நிலையில் ஆடியவர், எந்தக் காலால் அடித்தவர் என்பவற்றை எழுதிக்கொண்டால் போதும். எவர் எவரினும் சிறந்தவர் என்னும் நிரலை மட்டும் வெறுமையாக விட்டுவிடலாம்.

நாமும் ஒருநாள் அம்மரத்தடியில் நிற்போம். நம் காலத்து ஆட்டக்காரரின் பெயர்கள் நம் நாவிலும் எழும். “எம்மாத்திரம்” என்னும் சொல் நம் வாயிலும் வரும். அன்று வியர்வையோடு வந்து அமரும் ஒரு பிள்ளை நம்மிடமும் ஒரு வினாவைக் கேட்கக்கூடும். அதற்கு விடை கூறுமளவுக்கு நாம் இன்றைய ஆட்டத்தைக் கவனித்துப் பார்த்திருக்கின்றோமா என்பதே நம்முன் உள்ள வினா.